ஒரே படத்து உளவாளி

போன வாரம் நம் பள்ளித் தோழர்கள் குழுவில் அந்த நடிகர் இறந்துபோன செய்தியை யாரோ போட்டிருந்தீர்கள். கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். அதற்கும் கீழே ஒருவர், "ஒரே ஒரு தடவ உளவாளியா வந்து ஊத்திக்கினாரே, அவரா?" என்று கேட்டிருந்தார். "அவரேதான், தீப்பெட்டி உளவாளி" என்று இன்னொருவர் பதில் போட்டுச் சிரிப்புப் பொம்மைகளையும் ஒட்டியிருந்தார். நானும் ஒரு கைகூப்பலோடு நகர்ந்திருக்கலாம். மனசு வரவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நம் வயசுக்குக் கண் வலிக்கும், நிறுத்தி நிறுத்திப் படியுங்கள்.

அந்த உளவாளியை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. முதல் மூன்று படங்களில் வந்த நடிகர் கறுப்புக் கண்ணாடியும் வெள்ளைக் கோட்டுமாக வருவார். எத்தனை பேரை அடித்தாலும் முடி கலையாது. துப்பாக்கி முனையில் நிற்கும்போதுதான் அதிகம் சிரிப்பார். அவர் வந்த பிறகு நம் ஆரணிப் பையன்கள் நடக்கிற நடையே மாறிவிட்டது. நாலாவது படத்தின்போது அவருக்கும் படம் எடுத்தவர்களுக்கும் ஒத்துவரவில்லை என்று பேசிக்கொண்டார்கள். நாடகத்திலிருந்து வந்த ஓர் ஆளைப் பிடித்து அதே கோட்டுக்குள் போட்டார்கள். ஒட்டிய கன்னம், மெலிந்த உடம்பு. கோட்டு அவர் தோளில் கொஞ்சம் தொங்கும். ஊரில் அவருக்குப் 'புது ஆளு' என்றுதான் பெயர்.

அந்தப் படம் ஆரணிக்கு வந்தது அடைமழைக் காலத்தில். தீபாவளிச் சேலைகளெல்லாம் கைமாறிப் போயிருந்தன. தறிக்குக் கீழே கால் வைக்கிற பள்ளத்தில் தண்ணீர் ஊறி நிற்கும். இறைத்து ஊற்றினால் மறுபடி ஊறும். தெருவில் பாவு நூலை நீட்டிக் கட்ட வழியில்லை. தறிச் சத்தம் அடங்கிய எங்கள் தெரு எனக்கு வேறு ஊர் மாதிரி இருக்கும். ஈரச் சுவர் வாசமும் பட்டுக்குப் போடுகிற கஞ்சியின் புளித்த வாடையும் வீட்டுக்குள் கலந்து கிடக்கும். மைக் கட்டிய ரிக்‌ஷா தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து ரோஸ் நிற நோட்டீசை வீசிப் போகும். நனைந்த நோட்டீசைக் கையில் வைத்திருந்தால் உள்ளங்கை ரோஸாகிவிடும். அந்தச் சாயம் போவதற்குள் அடுத்த படம் வந்துவிடும். வேலை இல்லாத அந்த மாதங்களில்தான் எங்கள் தெருப் பெண்கள் மத்தியான ஆட்டம் பார்க்கப் போவார்கள்.

அந்த வருஷம் எங்கள் வீட்டில் தறி நின்றதற்கு மழை மட்டும் காரணமில்லை. ஆடியில் அப்பா களம்பூரிலிருந்து திரும்பி வந்த பஸ், நெல் மூட்டை ஏற்றிய லாரிக்கு ஒதுங்கப் போய்க் கால்வாயில் கவிழ்ந்தது. அப்பாவுக்கு நெற்றியில் ஒரு கீறலோடு போயிற்று. தெய்வம் காப்பாற்றியது என்று எல்லோரும் சொன்னார்கள். கீறல் ஆறிய பிறகு கை நடுங்க ஆரம்பித்தது.

புதுப் பாவின் இழைகளைத் தறியில் இருக்கும் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைக்கிற வேலை ஒன்று உண்டு. அதற்கு அப்பாவைத் தேடி அடுத்த தெருக்களிலிருந்தெல்லாம் ஆள் வருவார்கள். அந்தக் கை இப்போது ஓர் இழையைக்கூடப் பிடிக்க மறுத்தது. தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பார். மெயின் ரோட்டில் லாரி ஹாரன் அடித்தால் எழுந்து உள்ளறைக்குப் போய்விடுவார். காற்று கருப்பு என்று வேப்பிலை அடித்தார்கள். தாயத்து கட்டினார்கள். தர்காவில் மந்திரித்துக் கறுப்புக் கயிறு வாங்கி வந்தார்கள். அங்கே என்ன நடந்தது என்று மட்டும் யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்டால் பயம் கூடிவிடும் என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். "நல்லா இருந்த மனுசன், இப்பிடி ஊட்டுக்குள்ளயே குந்திகினு கெடக்கறாரே" என்று மட்டும் அவர் காதில் விழும்படி சொல்வார்கள்.

எங்கள் சித்தப்பா, அப்பாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். சாயப் பட்டறையில் வேலை. விரல் நகமெல்லாம் நீலமும் அரக்குமாக இருக்கும். முதல் நடிகரின் ரசிகர் மன்றத்துக்கு அவர்தான் தலைவர். மழையிலும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போய்ச் சாக்கடையில் கால் வைப்பார். புது ஆளு நடித்த படம் வருகிறது என்றதும் மன்றத்துப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு சுவரொட்டிகளுக்குச் சாணி அடித்தார். முதல் நாளே கொட்டகைக்குள் போய்க் கத்துவது என்று அங்கேயே முடிவாயிற்று.

அந்த முதல் நாள் மத்தியான ஆட்டத்துக்கு அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் என்னையும் கூட்டிப் போயிருந்தார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் இடுப்பளவு சுவர். அந்தப் பக்கத்திலிருந்து படம் தொடங்கியதுமே விசில். புது ஆளு முகம் தெரிந்ததும் ஊளை.

கதை பெரிசாக ஒன்றுமில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு தடவை பிடிபட்டு அடிபட்டுத் திரும்பிய உளவாளியை, மாட்டிக்கொண்ட கூட்டாளியை மீட்டுவர மறுபடி அங்கேயே அனுப்புகிறார்கள். கிளம்புவதற்கு முன் ஒரு விடுதி அறையில் காத்திருக்கிறான். வாயில் சிகரெட். தீப்பெட்டியைத் திறந்து ஒரு குச்சியை உரசுகிறான், ஒடிகிறது. இன்னொன்று எடுக்கிறான், அதுவும் ஒடிகிறது. பெட்டி கைதவறிக் குச்சிகள் தரையில் கொட்டுகின்றன.

ஆண்கள் பக்கம் கொட்டகையே பெயர்ந்துவிடும் போலச் சிரித்தார்கள். "வேற பொட்டி குடுங்கடா அவனுக்கு" என்று ஒரு குரல் எல்லாச் சத்தத்துக்கும் மேலே கேட்டது. எங்கள் சித்தப்பாவின் குரல்.

பெண்கள் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. நான் சிரிக்கலாமா என்று அம்மாவைப் பார்த்தேன். வேர்க்கடலைப் பொட்டலத்துக்குள் போன அவள் கை வெளியே வரவில்லை. திரையைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னொரு காட்சி. வேலையெல்லாம் முடித்து வீடு திரும்பியவன் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். பிசையக் கை வரவில்லை. அவன் மனைவி எங்கே போனாய் என்று கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்து உருட்டி அவன் உள்ளங்கையில் வைக்கிறாள். அது விழுந்ததும் இன்னொரு உருண்டை வைக்கிறாள். பக்கத்து வீட்டு அக்கா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். திரும்பி வரும்போது, "இவன் சினிமாக்காரன் மாதிரியே இல்ல. நம்ம ஊட்டு ஆம்பள மாதிரி இருக்கறான்" என்றாள்.

அன்றைக்குச் சாப்பிடும்போது சித்தப்பா அந்தக் காட்சியை நடித்துக் காட்டினார். கையை உதறி உதறிக் குச்சி உரசினார். உள்ளறையிலிருந்து அப்பா பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். சித்தப்பா பார்க்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. அண்ணன் மேல் உயிரையே வைத்திருந்தவர். அண்ணனின் கையையும் திரையில் பார்த்த கையையும் அவர் சேர்த்து யோசிக்கவே இல்லை.

தெருப் பெண்கள் ஒருத்திக்கு ஒருத்தி சொல்லி, அடுத்தடுத்த நாட்களில் மத்தியான ஆட்டத்தில் பெண்கள் பக்கம் உட்கார இடமில்லாமல் போனது. சுவருக்கு அந்தப் பக்கம் காலி. அந்தக் காலியை மட்டும் பார்த்துவிட்டு, நாளையிலிருந்து படம் மாற்றம் என்று ரிக்‌ஷாவில் சொல்லிப் போனார்கள். அம்மா ஈரப் பாத்திரத்தை அப்படியே கவிழ்த்துவிட்டு, அக்காவையும் இன்னும் சில பெண்களையும் கூட்டிக்கொண்டு கொட்டகை மேனேஜரைப் பார்க்கப் போனாள். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நானும்.

மேனேஜர் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்தார். "நாளைக்குக் காலையில படப் பொட்டி சேத்துப்பட்டுக் கொட்டாய்க்குப் போவணும்மா. ஆளே வர்லியே இதுக்கு."

"நாங்க வர்றமே" என்றாள் அம்மா.

"நான் ஆம்பளைங்கள சொல்றேன்."

"எங்க தல தலையில்லியா? நாளைக்கு மத்தியானம் ஓர் ஆட்டம் போட்டுட்டு சாயங்காலம் பொட்டிய அனுப்புங்க. தெருவே வரும்."

"வருவீங்க. உங்க கொழுந்தனாரு கூட்டத்தோட வந்து திரையக் கிழிச்சா நான் யாருக்குப் பதில் சொல்றது? பேஜாரும்மா."

"அவர நான் பாத்துக்கறேன்."

மேனேஜர் பெண்களை ஒருமுறை பார்த்தார். யாரும் நகர்கிற மாதிரி தெரியவில்லை. "ஒரே ஆட்டம்" என்றார்.

சித்தப்பாவிடம் அம்மா சண்டை போடவில்லை. சாதம் போடும்போது, "தம்பி, நாளைக்கு உங்க அண்ணன் மத்தியான ஆட்டத்துக்கு வர்றாரு" என்று மட்டும் சொன்னாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். ஆடியிலிருந்து அப்பா தெரு முனையைத் தாண்டியதில்லை. நம்பாமல் ஏதோ முனகிவிட்டுச் சாப்பிட்டார்.

அப்பாவை அழைப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

"நான் எங்க வர்றது. ரோட்டத் தாண்டணும்" என்றார்.

"பின்னாலயே தெரு தெருவா போயிடலாங்க. ரோடு ஓரமே வாணாம்."

"எல்லாரும் பாப்பாங்க."

"பாக்கட்டும். நான் உங்கள எதுக்குமே கூப்பிட்டதில்ல. இதுக்கு வாங்க."

துண்டால் கைகளை மூடிக்கொண்டு வந்தார். வழியில் துண்டுக்குள் கையை விட்டு அவர் விரல்களைப் பிடித்துக்கொண்டேன். அந்த நடுக்கம் என் முழங்கை வரைக்கும் ஏறியது. தெருவில் எதிரே வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். அம்மா யாருக்கும் தலையசைக்காமல் முன்னால் நடந்தாள்.

கொட்டகையில் பின்வரிசை நாற்காலிகளில் குடும்பத்தோடு உட்காரலாம். அப்பாவை நடுவில் வைத்து உட்கார்ந்தோம். பெண்கள் பக்கம் நிறைந்துவிட்டது. விளக்கு அணைகிற நேரத்தில் மன்றத்துப் பையன்கள் சத்தமாகப் பேசிக்கொண்டு உள்ளே வந்தார்கள். அவர்களோடு சித்தப்பாவும். இருட்டில் எங்களைப் பார்க்கவில்லை.

விடுதி அறைக் காட்சி வந்தது. முதல் குச்சி ஒடிந்ததும் பையன்களில் ஒருவன் ஊளையிட்டான். சித்தப்பா என்ன நினைத்தாரோ, திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தார். திரை வெளிச்சத்தில் அப்பாவின் முகம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்பா நாற்காலி நுனிக்கு வந்து முன்னால் சாய்ந்திருந்தார். துண்டு மடியில் கிடந்தது. கைகள் இரண்டும் முழங்கால் மேல் வெளிப்படையாக நடுங்கிக்கொண்டிருந்தன.

சித்தப்பா எழுந்து நின்றார். "சும்மா இருங்கடா."

"இன்னா தலைவா, நீயே சொல்ற?"

"எங்க அண்ணன் பாத்துகினு இருக்காரு. வாய மூடு."

கொட்டகை அடங்கியது. தகரக் கூரையில் மழை. பின்னால் புரொஜக்டரின் கரகரப்பு. முதல் நாள் ஊளையில் அந்தக் குச்சி ஒடிகிற சத்தம் எங்களுக்குக் கேட்கவே இல்லை. அன்றைக்குக் கேட்டது. அந்த நடிகர் தரையில் கொட்டிய குச்சிகளைக் குனிந்து பொறுக்கவில்லை. நடுங்குகிற கையை முகத்துக்கு நேரே தூக்கி, அடம்பிடிக்கிற குழந்தையைப் பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அந்தக் கையாலேயே கதவைத் திறந்துகொண்டு போனார்.

திரும்பி வரும் வழியில் மழை விட்டிருந்தது. அப்பாதான் பேச ஆரம்பித்தார்.

"பயத்துல அழுத்திப் புடிப்போம். அதாலதான் குச்சி ஒடியுது. அந்த ஆளுக்கு அது தெரிஞ்சிருக்கு."

அம்மா நின்றாள். அவரும் நின்றார். ஒரு வீட்டு மாட்டுக் கொட்டிலை ஒட்டி நின்றபடியே சொன்னார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் களம்பூர் ரைஸ் மில்லில் வேலை செய்கிறவர். பிள்ளைகளுக்குப் பொரி வாங்கி மடியில் வைத்திருந்தார். கவிழ்ந்தபோது அவர் கீழே, அப்பா மேலே.

"கையக் குடுன்னான். குடுத்தேன். இழுக்கலாம்னு பாத்தா என் கை எனக்கே அடங்கல. நடுங்கி நடுங்கி நழுவிடுச்சி. தண்ணி மேல பொரி மெதந்துகினு இருந்துச்சி."

அம்மா அவர் கையைத் தன் முந்தானையில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். "இத்தினி நாளா இத ஏங்க சொல்லல?"

"யாரும் கேக்கலியே."

படப் பெட்டி அன்றைக்கே சேத்துப்பட்டுக்குப் போய்விட்டது. அங்கேயும் சிரித்திருப்பார்கள். அந்த நடிகருக்கு அதற்குப் பிறகு யாரும் கோட்டு மாட்டவில்லை. பெண்ணைக் கட்டிக்கொடுக்க முடியாத தகப்பனாக, ஒரே காட்சியில் வரும் டாக்டராக, மாற்றலாகிப் போகிற வாத்தியாராக வந்தார். எந்தப் பேட்டியிலும் அந்தப் படத்தைப் பற்றி அவர் குறைசொன்னதாக நான் படித்ததில்லை. சித்தப்பா அந்த வருஷமே மன்றத் தலைவர் பதவியை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டார். பின்னாட்களில் அந்த நடிகர் டாக்டராக வந்து கண்ணாடியைக் கழற்றும்போது, "நல்லா பண்றான்யா" என்பார், யாரும் கேட்காமலே.

செய்தி வந்த அன்று அந்தப் படத்தைப் போனில் மறுபடி பார்த்தேன். குறைகள் இல்லாமலில்லை. டூயட்டில் அவருக்கு ஆடவே வரவில்லை. சண்டைக் காட்சியில் அவர் அடிப்பதற்கு முன்பே எதிரி விழுந்துவிடுகிறான். ஒட்டுமுடி ஒரு காட்சியில் காதுக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஆனால் சிறுமியாக நான் கவனிக்காத ஒன்றை இப்போது கவனித்தேன். படத்தின் முன்பாதி முழுக்க அவர் வலது கையை எதற்குள்ளாவது ஒளித்துவைத்திருக்கிறார். கோட்டுப் பை, செய்தித்தாள், மேசைக்கு அடி. யாரும் வசனத்தில் அதைச் சொல்வதில்லை. கேமராவும் அங்கே போவதில்லை. அந்த விடுதி அறைக்குப் பிறகு அவர் கையை எங்கேயும் ஒளிப்பதில்லை. கடைசியில் கூட்டாளியைச் சுவருக்கு மேலே தூக்கிவிடும்போது அந்தக் கை நடுங்கிக்கொண்டேதான் தூக்குகிறது. நாடகத்தில் கடைசி வரிசைக்கும் தெரிகிறபடி கை கால் வீசி நடித்துப் பழகியவர், இங்கே ஒரு கையை யாருக்கும் தெரியாமல் நடிக்கத் துணிந்திருக்கிறார். அதுவும் ஊரே இன்னொருவர் முகத்தை எதிர்பார்த்துக் காத்திருந்த வேடத்தில்.

முதல் நடிகரை நான் குறைக்கவில்லை. நாமெல்லாம் பறக்க ஆசைப்பட்ட வயசில் அவர் பறந்து காட்டினார். அதற்கும் ஒரு கை வேண்டும்.

படத்தின் கீழே இந்தக் காலத்துப் பிள்ளைகள் நிறையப் பாராட்டி எழுதியிருக்கிறார்கள். காலத்தை முந்தி வந்த படமாம். அந்தப் பாராட்டை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. காலத்தை முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. வந்த வாரத்திலேயே எங்கள் தெருப் பெண்கள் அதைப் புரிந்துகொண்டு பெண்கள் பக்கத்தை நிறைத்தார்கள். மேனேஜர் சுவருக்கு அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்தார். பிறகு எழுதியவர்களும் அவர் பார்த்த பக்கத்தையே பார்த்து, படம் ஓடவில்லை என்று எழுதிவிட்டார்கள். நாமும் அதையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அவ்வளவுதான் நான் குழுவில் சொல்ல நினைத்தது.

அப்பாவைப் பற்றியும் கேட்பீர்கள். ஒரு சினிமா பார்த்து யாருக்கும் கை நின்றுவிடாது. அப்பாவுக்கும் நிற்கவில்லை. பின்னால் வேலூரில் டாக்டரிடம் காட்டினார்கள். கொஞ்சம் குறைந்தது. இழை பிணைக்கிற வேலைக்கு அவர் திரும்பவே இல்லை. சேலைகளை எடுத்துப்போய் வியாபாரிகளிடம் கொடுக்கிற வேலையைப் பார்த்துக்கொண்டார்.

அதற்கு அவர் பஸ் ஏற வேண்டியிருந்தது. அந்த மழைக்குப் பிறகு வந்த தை மாதம் பெரியம்மா வீட்டுக் காதுகுத்துக்குச் சேத்துப்பட்டு போனபோதுதான் முதல் தடவையாக ஏறினார். அம்மா முந்தின நாளே போய்விட்டாள். அவரும் நானும் மட்டும். பஸ் ஆரணியைத் தாண்டி வேகம் பிடித்ததும் முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கம்பியே அதிர்கிற மாதிரி கை நடுங்கியது. எதிரே ஒரு லாரி வந்தது. கண்ணை மூடாமல் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த கிராமத்துக்காரர், மடியில் ஒரு புது மண்வெட்டி வைத்திருந்தவர், அப்பாவின் கைகளையே கவனித்துவிட்டுக் கேட்டார்.

"இன்னாங்க, ஒடம்புக்கு முடியலீங்களா?"

அப்பா கையை எடுக்கவில்லை.

"பயமா இருக்குதுங்க. வேற ஒண்ணுமில்ல" என்றார்.

அந்த மனிதர் சிரிக்கவில்லை. மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "இப்பிடி ஜன்னல் ஓரமா வந்து உக்காருங்க. கொஞ்சம் காத்து வரும்" என்றார்.